ஏலம் என்று தேடினால் ஏலக்காய் வருவது ஏன்?

குமுளியில் நான் கணக்குப் பார்க்கும் மசாலாக் கடையில் முதலாளியின் பழைய குறிப்புகள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தன. நோட்டில் எழுதியது, வாட்ஸப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டது, பில்லின் பின்பக்கம் கிறுக்கியது என்று எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, மேலே ஒரு சின்னத் தேடுபெட்டியும் வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் அவர் அதில் அடித்த முதல் சொல் ‘ஏலம்’. ஏலக்காயை ஏலம் விடுகிற ஊரான புற்றடியில் கடைசியாக என்றைக்கு ஏலத்துக்குப் போனோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். பெட்டி என்ன கொடுத்தது தெரியுமா? ஏலச் செடிக்கு உரம் போட்ட கணக்கு, ஏலம் உலர்த்தும் ஸ்டோருக்குக் கொடுத்த விறகுக் காசு, கவாத்துக் கூலி.

“ஏம்ப்பா, ஏலம் என்னைக்குன்னு கேட்டா இது எனக்கே ஏலக்காய் விக்குது?” என்றார்.

அவர் மேலும் தப்பில்லை, பெட்டி மேலும் தப்பில்லை. தமிழில் செடிக்கும் ஏலம், ஏலம் விடுவதற்கும் ஏலம். வண்டிப்பெரியாறிலிருந்து எங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் மலையாளி டிரைவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அவருக்குச் செடி ‘ஏலம்’, விற்பனை ‘லேலம்’. நாம்தான் ‘ஏலக்காய் ஏலம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கேட்பவருக்குப் புரிந்துவிடும் என்று நம்பிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அவருக்குச் சொல்ல ஆரம்பித்த விளக்கத்தைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். தேடுபெட்டி என்பது அடிப்படையில் ஒரே ஒரு வேலையைச் செய்கிறது. நீங்கள் அடித்த நாலு சொல்லையும், தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இது எவ்வளவு ஒத்திருக்கிறது’ என்று ஓர் எண்ணைப் போடுகிறது. பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே. அவ்வளவுதான். ஆனால் ‘ஒத்திருப்பது’ என்றால் என்ன என்று கணினிக்குத் தெரியாது, அதை ஒரு வாய்பாடாக யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதுகிற ஒவ்வொரு வாய்பாடும் எதையோ பார்க்கிறது, எதையோ பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறது. எதற்குக் கண்ணை மூடுகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

மிகப் பழைய வழி உண்டு, இல்லை என்கிற வழி. ‘ஏலக்காய்’ இருக்கிறதா, ‘விலை’ இருக்கிறதா, இரண்டும் இருந்தால் எடு, இல்லையென்றால் தள்ளு. இதில் ஒப்புமை என்று ஒன்றும் இல்லை, சல்லடை மட்டும்தான். ஏழு மில்லி சல்லடையில் காய் நின்றால் நின்றது, விழுந்தால் விழுந்தது. நின்ற காய்களில் எது நல்ல காய் என்று சல்லடை சொல்லாது. அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

அடுத்த வழி ஒரு தாவரவியலாளரிடமிருந்து வந்தது. பால் ஜக்கார்ட் என்று ஒரு சுவிட்சர்லாந்துக்காரர், 1901 வாக்கில் ஆல்ப்ஸ் மலையில் வெவ்வேறு இடங்களில் என்னென்ன செடி வளர்கிறது என்று பட்டியல் எடுத்து, இரண்டு இடங்கள் எவ்வளவு ஒன்றுபோல இருக்கின்றன என்பதை ஓர் எண்ணாகச் சொல்லப் பார்த்தார். அவர் செய்தது ரொம்ப எளிது, இரண்டிலும் பொதுவாக இருப்பவை எத்தனையோ, அதை இரண்டையும் சேர்த்து மொத்தம் எத்தனை வகையோ அதால் வகுத்தார். மலைச்சரிவில் வாழ்கிறவர்களுக்கு இது கையில் இருக்கிற கணக்கு. ஒரு தோட்டத்தில் ஏலம், மிளகு, காப்பி, பலா இருக்கிறது. இன்னொன்றில் மிளகு, காப்பி, பலா, தேயிலை, முருங்கை. பொதுவாக 3, மொத்தம் 6 வகை, ஆக 0.5. ஒன்றுமே பொதுவாக இல்லையென்றால் 0, எல்லாம் ஒன்றேயென்றால் 1.

செடிக்குப் பதில் சொல்லை வையுங்கள், தோட்டத்துக்குப் பதில் குறிப்பை வையுங்கள், தேடல் வந்துவிட்டது. ஆனால் ஜக்கார்ட் எதற்குக் கண்ணை மூடுகிறது என்று பாருங்கள். முதல் தோட்டத்தில் ஏலம் ஆயிரம் செடி, பலா ஒரே மரம் என்றாலும் அதற்கு இரண்டும் ஒன்றுதான். எண்ணிக்கை அதன் கணக்கிலேயே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு, தேடலில் இதுதான் கடிக்கும். நீங்கள் அடித்தது ‘ஏலக்காய் விலை’ என்று இரண்டு சொல். முதலாளியின் வருடக் கடைசிக் குறிப்பில் 200 வெவ்வேறு சொற்கள், அதில் இந்த இரண்டும் இருக்கின்றன. 2-ஐ 200-ஆல் வகுத்தால் 0.01. ‘விலை’ மட்டும் இருக்கிற, நாலே சொல் கொண்ட ஒரு துண்டுச் சீட்டுக்கோ பொது 1, மொத்தம் 5, ஆக 0.2. சீட்டு ஜெயித்துவிடும், அதில் ஏலக்காயே இல்லாமல்.

அதற்காக ஜக்கார்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு எழுத்துகளை ஒப்பிட அதைப் போல ஒன்று கிடையாது. 1997-இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறிக்காக ஆந்திரே ப்ரோடர், ஒரு பக்கத்தையே காப்பியடித்து இரண்டு சொல் மட்டும் மாற்றிப் போட்ட இணையப் பக்கங்களைப் பிடிக்க இதே எண்ணைத்தான் எடுத்துக்கொண்டார். தனிச் சொற்களாகப் பார்க்காமல் அடுத்தடுத்து வரும் சொற்களைக் கொத்துக் கொத்தாக எடுத்து, அந்தக் கொத்துகளில் எத்தனை பொது என்று பார்த்தார்கள். எங்கள் குறிப்புகளிலும் தேதி மட்டும் மாறி அப்படியே திரும்ப அனுப்பப்பட்ட செய்திகள் ஏகப்பட்டவை, அவற்றைக் களைய இதைத்தான் வைத்தேன்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். இங்கேதான் வெக்டர் என்ற சொல் வருகிறது, பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டாலே ஓடினவர்கள் இங்கே ஓட வேண்டாம், ரொம்ப லேசானது. கிராஃப் தாளில் போடுவது மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அச்சு. மூன்றே சொல் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஏலக்காய், விலை, மழை. ஒரு குறிப்பில் ஏலக்காய் 3 தடவை, விலை 4 தடவை, மழை இல்லை என்றால் அந்தக் குறிப்பு (3, 4, 0) என்ற ஒரு புள்ளி, இந்த எண் வரிசைதான் வெக்டர். இன்னொரு நீளமான குறிப்பில் ஏலக்காய் 6, விலை 8, அது (6, 8, 0). மூன்றாவது குறிப்பு மழையைப் பற்றிய புலம்பல், ‘மழை’ இரண்டு தடவை, போகிற போக்கில் ‘விலை’ ஒரு தடவை, அது (0, 1, 2). நீங்கள் தேடியது ‘ஏலக்காய் விலை’, அது (1, 1, 0).

இப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்கள்? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஸ்கேலை வைத்து இரண்டு புள்ளிக்கும் நடுவே தூரத்தை அளப்பது. அளந்து பாருங்கள். தேடலிலிருந்து முதல் குறிப்புக்கு 3.6. இரண்டாவதுக்கு 8.6. மழைப் புலம்பலுக்கு 2.2. ஏலக்காய் என்ற சொல்லே இல்லாத குறிப்பு முதலிடம்! காரணம், தேடல் என்பது இரண்டு சொல், ரொம்பச் சின்னது, அது எல்லா எண்ணும் பூஜ்யமாக இருக்கிற மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சின்னக் குறிப்புகள் எல்லாமே மூலைக்குப் பக்கத்தில்தான் உட்காரும். விஷயத்தை விரிவாக எழுதின பாவத்துக்கு நீளமான குறிப்பு தூரத்தில் போய் நிற்கிறது.

அதனால் தூரத்தை விட்டுவிட்டு, திசையைப் பார்க்கிறார்கள். குமுளி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு யோசியுங்கள். ஒரு ஜீப் வண்டிப்பெரியாறு வரை போகிறது, ஒரு பஸ் அதே ரோட்டில் கோட்டயம் வரை போகிறது. ஒன்று கிட்டே, ஒன்று எட்டே, ஆனால் இரண்டும் மேற்கே போகிற வண்டிகள். மூன்றாவது வண்டி லோயர் கேம்ப்பில் இறங்கிக் கம்பம் போகிறது, அது ஆளே வேறு. (கொண்டை ஊசி வளைவுகளைக் கொஞ்ச நேரத்துக்கு மறந்துவிடுங்கள்.) கொசைன் ஒப்புமை என்பது மூலையிலிருந்து தேடலுக்கு ஒரு கோடு, குறிப்புக்கு ஒரு கோடு இழுத்து, அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவிலுள்ள கோணத்தைப் பார்ப்பதுதான். கணக்கு இப்படி: ஒவ்வொரு அச்சிலும் இரண்டு எண்களைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அதை இரண்டு கோடுகளின் நீளங்களால் வகுக்க வேண்டும். முதல் குறிப்புக்கு 1×3 + 1×4 = 7. அதன் நீளம் 5 (மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம் நினைவிருக்கும்), தேடலின் நீளம் 1.414, இரண்டையும் பெருக்கினால் 7.07. 7-ஐ 7.07-ஆல் வகுத்தால் 0.99. இரண்டாவது குறிப்புக்கும் அதே 0.99, போட்டுப் பாருங்கள். மழைக்கு 0.32. இதுதானே நாம் எதிர்பார்த்தது.

இந்த முறையை நிலைநிறுத்தியவர் ஜெரார்டு சால்டன். 1960களிலிருந்தே ஸ்மார்ட் என்ற தேடல் அமைப்பை, முதலில் ஹார்வர்டிலும் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்திலும், கட்டிக்கொண்டிருந்தவர். 1975-இல் வோங், யாங் என்ற இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய வெக்டர் வெளி பற்றிய கட்டுரைதான் இன்றைக்கும் பாடங்களில் சொல்லப்படுகிறது.

கொசைன் எதற்குக் கண்ணை மூடுகிறது? நீளத்துக்கு. முழுசாக மூடுகிறது, ஒரு வரியும் பத்துப் பக்கமும் அதற்கு ஒன்றே. அப்புறம் சொல் வரிசைக்கு. ‘ஏலக்காய் விற்று மிளகு வாங்கினேன்’ என்பதும் ‘மிளகு விற்று ஏலக்காய் வாங்கினேன்’ என்பதும் அதற்கு ஒரே புள்ளி, வித்தியாசம் பூஜ்யம். கடைக்காரனுக்கு அது லாப நஷ்டம். சாக்கில் போட்டுக் குலுக்கிய மாதிரிச் சொற்களைப் பார்க்கிற முறை இது, இன்னும் இருபது வருஷம் இப்படித்தான் ஓடியது, ஆச்சரியம் என்னவென்றால் நன்றாகவே ஓடியது.

நன்றாக ஓடியதற்கு முக்கியக் காரணம் வேறொன்று. இந்தத் துறையிலேயே எனக்குப் பிடித்த யோசனை அதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு சொல் ஒரு குறிப்பில் எத்தனை தடவை வருகிறதோ அந்த அளவுக்கு அந்தக் குறிப்பு அதைப் பற்றியது என்று ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1957-இலேயே சொல்லிவிட்டார். ஆனால் எல்லாச் சொல்லும் ஒரே தரமா? 1972-இல் கேம்பிரிட்ஜில் இருந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு சொல் எத்தனை குறிப்புகளில் வருகிறது? எல்லாவற்றிலும் வருகிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அபூர்வமாக வருகிற சொல்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எனவே மொத்தக் குறிப்புகளின் எண்ணிக்கையை, அந்தச் சொல் வருகிற குறிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதற்கு மடக்கை எடு என்றார். மடக்கை என்றதும் பயப்பட வேண்டாம், பத்தடிமான மடக்கை என்பது ஏறக்குறைய எத்தனை சுழி என்று எண்ணுவதுதான்: 10-க்கு 1, 100-க்கு 2, 1000-க்கு 3.

எங்கள் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்புகள் 1000 என்று வையுங்கள். ‘ஏலக்காய்’ 800-இல் வருகிறது என்றால் 1000/800 = 1.25, மடக்கை வெறும் 0.1. ‘விலை’ 500-இல் என்றால் 0.3. ‘ஞள்ளானி’ என்ற ரகத்தின் பெயர் 10-இல்தான் என்றால் 1000/10 = 100, மடக்கை 2. ஆக ஒரு குறிப்பில் ஏலக்காய் ஐந்து தடவை வந்தாலும் அதற்குக் கிடைப்பது 0.5, ஞள்ளானி ஒரே ஒரு தடவை வந்தால் 2.

இதில் ரசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. குமுளியில் ஏலக்காய் என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை! காற்றில் இருக்கிற வாசனையே அதுதானே, யார் அதைத் தனியாகச் சொல்வார்கள்? இதே சொல்லைத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பலசரக்குக் கடைக் குறிப்புகளில் தேடினால் ஆயிரத்தில் பத்தில் இருந்தாலே பெரிசு, அங்கே அதன் எடை 2. சொல்லுக்கென்று சொந்தமாக ஒரு மதிப்பு கிடையாது, எந்த ஊரில், எந்தக் குவியலில் கிடக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். எந்த அகராதியையும் கேட்காமல், இலக்கணம் ஒன்றும் தெரியாமல், வெறும் எண்ணிக்கையை வைத்தே இதைக் கணினி கண்டுகொள்கிறது. ‘மற்றும்’, ‘என்று’, ‘ஒரு’ மாதிரிச் சொற்களின் எடை தானாகவே பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும்.

எண்ணிக்கையையும் இந்த அபூர்வ எடையையும் பெருக்கி அச்சுகளில் போட்டு, பிறகு கொசைன் எடுப்பது பல வருஷம் தேடலின் வாடிக்கையான வழியாக இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது பிஎம்25. லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ராபர்ட்சனும் கூட்டாளிகளும் ஓகாபி என்ற அமைப்பில் செய்தது, 1994-இல் வெளியே தெரிய வந்தது. பிஎம் என்றால் பெஸ்ட் மேட்ச், 25 என்பது அவர்கள் வரிசையாகச் செய்து பார்த்த வாய்பாடுகளில் அதற்கு விழுந்த எண். பேர் வைப்பதில் மெனக்கெடவில்லை, வாய்பாட்டில் மெனக்கெட்டிருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கிற லூசின் என்ற தேடல் மென்பொருள் 2016-இல் கொசைன் வழியை விட்டுவிட்டு இதையே இயல்பாக வைத்துக்கொண்டது.

அதில் புதுசு என்ன? இரண்டு விஷயம். ஒருத்தர் ‘சத்தியமா’ என்று ஒரு தடவை சொன்னால் நம்புகிறோம், இரண்டாம் தடவை சொன்னால் இன்னும் கொஞ்சம் நம்புகிறோம், பத்துத் தடவை சொன்னால் பத்து மடங்கா நம்புகிறோம்? பிஎம்25-உம் நம்புவதில்லை. ஒரு சொல் ஒரு தடவை வந்தால் 1, இரண்டு தடவைக்கு 1.38, பத்துக்கு 1.96, நூறுக்கு 2.17. எத்தனை தடவை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. (வாய்பாட்டில் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்கிற ஓர் எண் உண்டு, ஒரு திருகு மாதிரி. அதை வழக்கப்படி 1.2-இல் வைத்தால் வருகிற எண்கள் இவை, திருகை மாற்றினால் எண்களும் மாறும்.) இரண்டாவது, நீளம். கொசைன் போல நீளத்தை முழுசாக மறக்காமல், குறிப்பு சராசரியைவிட எவ்வளவு நீளம் என்று பார்த்து, கொஞ்சம் கழிக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பதற்கு இன்னொரு திருகு, 0 வைத்தால் கழிக்காது, 1 வைத்தால் முழுசாகக் கழிக்கும், பெரும்பாலும் 0.75 வைப்பார்கள். சராசரியைப்போல் இரண்டு மடங்கு நீளமான குறிப்பில் இரண்டு தடவை வந்த சொல்லுக்கு, 1.38-க்குப் பதில் 1.07 கிடைக்கும். நீளமாக எழுதுகிறவர்களில் விஷயம் நிறைய உள்ளவர்களும் உண்டு, வளவளவென்று இழுப்பவர்களும் உண்டு, யார் எவர் என்று தெரியாததால் நடுவாந்தரமாக ஒரு தண்டனை.

இதுவரை சொன்ன எல்லா முறையும் ஒன்றில் தமிழனைக் கைவிட்டுவிடும். எல்லாமே சொல்லை ஒரு முழுப் பொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஏலக்காய், ஏலக்காயை, ஏலக்காயின், ஏலக்காய்க்கு, ஏலக்காய்தானே, எல்லாம் அதற்குத் தனித்தனி ஆள், ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத மாதிரி. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விகுதியை வெட்டினால் பெரும்பாலும் வேலை முடிகிறது, நம் ஆட்கள் ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தையே அடைத்துவிடுகிறார்கள். வேர்ச்சொல்லைப் பிரிக்க நல்ல நிரல் கையில் இருந்தால் சரி. இல்லையென்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு, சொல்லை எழுத்து இணைகளாக உடைப்பது. ஏலக்காய் என்பதை உடைத்தால் ஏல, லக், க்கா, காய். ஏலக்காயை என்பதற்கு ஏல, லக், க்கா, காயை. பொது மூன்று, மொத்தம் ஐந்து, ஜக்கார்ட் கணக்கில் 0.6. சொந்தம் தெரிந்துவிட்டது! ஒரு எச்சரிக்கை, தமிழ் எழுத்துகளை யூனிகோடில் அப்படியே எண்ணாதீர்கள். ஏலக்காய் நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் எட்டுத் துண்டு, புள்ளியும் துணைக்காலும் தனித்தனித் துண்டாக நிற்கும். அதைக் கவனிக்காமல் உடைத்தால் புள்ளி ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகச் சிதறிவிடும். முதல் தடவை நான் அப்படித்தான் சிதறடித்தேன்.

எழுத்துப் பிழைக்கு வேறொரு அளவு. சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் கொடுத்தது: ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும்? பேச்சு வழக்கில் ‘ஏலக்கா’ என்று அடித்தவருக்கும் ‘ஏலக்காய்’ என்று எழுதியவருக்கும் நடுவே தூரம் 1. நல்லது. ஆனால் ‘ஏலம்’ என்பதற்கும் மலையாளத்து ‘லேலம்’ என்பதற்கும் தூரம் 1-தான், ஒன்று செடி, ஒன்று கூவி விற்பது. நம் ஏலத்துக்கும் நம் ஏலத்துக்கும் தூரம் 0! வடிவத்தை மட்டும் பார்க்கிற எந்த அளவும் முதலாளியின் கேள்விக்குப் பதில் சொல்லாது.

அப்போது பொருளைப் பார்க்க வேண்டும். கணினிக்குப் பொருள் தெரியாது, ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியும். ‘கல்யாணம்’ என்ற சொல்லைச் சுற்றி மண்டபம், பத்திரிகை, தாலி என்று வரும். ‘திருமணம்’ என்ற சொல்லைச் சுற்றியும் அதே கூட்டம் வரும். இரண்டுக்கும் கடைசி ‘ணம்’ தவிர ஓர் எழுத்து இணைகூடப் பொதுவில்லை, இருந்தாலும் சுற்றம் ஒன்று, ஆகவே பொருளும் கிட்டத்தட்ட ஒன்று என்று முடிவு கட்டலாம். 1990-இல் இப்படிச் சேர்ந்து வருகிற பாங்கை வைத்து ஆயிரக்கணக்கான அச்சுகளைச் சில நூறாகச் சுருக்கும் முறையை அமெரிக்காவில் செய்து காட்டினார்கள். 2013-இல் கூகுளில் தோமஸ் மிகோலோவ் குழுவினர் வேர்ட்2வெக் கொண்டுவந்த பிறகு இது எல்லார் கைக்கும் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நீளமான எண் வரிசை, ஒரே மாதிரிச் சுற்றத்தில் வாழும் சொற்களுக்கு ஒரே மாதிரி வரிசை. ஒப்பிடுவது எதைக்கொண்டு? நம்முடைய பழைய கொசைனேதான். அச்சுகள்தான் மாறிவிட்டன, கோணம் மாறவில்லை.

இதுவும் கண்ணை மூடுகிற இடம் உண்டு, சொன்னால் சிரிப்பு வரும். ‘விலை ஏறியது’, ‘விலை இறங்கியது’. இரண்டின் சுற்றமும் அச்சு அசல் ஒன்று, அதே சந்தை, அதே கிலோ, அதே புலம்பல். ஆகவே ஏறியதும் இறங்கியதும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஏறிய நாளைத் தேடினால் இறங்கிய நாளும் சேர்ந்து வரும். அப்புறம் நம் ஏலம்: வேர்ட்2வெக் ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு புள்ளிதான் தரும், ஆகவே ஏலம் என்பது செடிக்கும் சந்தைக்கும் நடுவே எங்கேயோ, இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். 2018-இல் கூகுள் கொண்டுவந்த பெர்ட் போன்ற மொழி மாதிரிகள் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு சேர்த்துப் பார்த்து, ‘ஏலத்தில் எடுத்தேன்’ என்பதற்கு ஒரு புள்ளி, ‘ஏலத்துக்கு உரம் வைத்தேன்’ என்பதற்கு வேறு புள்ளி என்று தருகின்றன. வாக்கியம் இருந்தால்தான் அது முடியும். முதலாளி அடித்தது ஒற்றைச் சொல்.

இடையில் ஒன்று. கொசைன், ஜக்கார்ட் இரண்டுமே எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே எண் தரும். மனிதர்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்று உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கி 1977-இல் எழுதினார். பையன் அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்போம், அப்பா பையனை உரித்து வைத்திருக்கிறார் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கம்பத்துக்காரர்கள் ‘குமுளியும் மூணாறு மாதிரிதாம்ப்பா’ என்பார்கள், மூணாறைப் பார்த்துவிட்டு ‘இது குமுளி மாதிரி’ என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. பெரிசுக்குத்தான் சிறிசை ஒப்பிடுவது. தேடலும் அப்படி ஒரு பக்கச் சாய்வுள்ள வேலைதான், இரண்டு சொல் தேடலில் உள்ளது எல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும், குறிப்பில் உள்ளது எல்லாம் தேடலில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பிஎம்25 இந்த வித்தியாசத்தை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது, அது எடுபட்டதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

சரி, இத்தனையில் எது நல்லது என்று எப்படி முடிவு செய்வது? வாய்பாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1960களில் இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் செய்ததுதான் இன்றும் வழி: கேள்விகளை எழுதி வை, ஒவ்வொன்றுக்கும் எது உதவும் எது உதவாது என்று மனிதர்களைக் கொண்டு குறித்து வை, பிறகு ஒவ்வொரு வாய்பாடும் அதில் எத்தனையைப் பிடிக்கிறது என்று எண்ணு. நானும் முதலாளியை உட்கார வைத்தேன். வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் நாற்பது தேடலுக்குக் குறித்துக் கொடுத்தார், ‘இது வேணும், இது குப்பை’. மறுநாள் அவர் மனைவி, எங்கள் அக்கா, அந்தத் தாளின் நகலைப் பார்த்துவிட்டுப் பாதியைக் கோடு போட்டு அடித்தார். ‘விலை’ என்றால் முதலாளிக்கு ஏலத்தில் போன விலை, அக்காவுக்குக் கல்லாவில் சொல்கிற விலை. இரண்டு தாளையும் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் பெட்டிக்குள் போனது எழுத்து இணைகள் மேல் ஓடும் பிஎம்25, அதற்கு மேல் கொஞ்சம் பொருள் வெக்டர், இரண்டு எண்ணையும் கூட்டி ஒரு வரிசை. அக்காவின் தாளில் முன்னைவிட நன்றாகவே மதிப்பெண் வாங்கியது. ‘ஏலம்’ என்று ஒற்றைச் சொல்லை அடித்தால் இன்னமும் பாதி உரக்கணக்குதான். ஆனால் முதலாளி இப்போது அப்படி அடிப்பதில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே ‘ஏலம் புற்றடி தேதி’ என்று அடிக்க ஆரம்பித்துவிட்டார்.